ஒரே பட்டன், பிரவுசருக்கு ஒரு குணம்: கேள்வி பதில்

பட்டன், லிங்க் இரண்டும் பிரவுசருக்குப் பிரவுசர் மாறி நடப்பது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, பட்டனை விட்டு ஃபோகஸ் (கீபோர்டில் தட்டுவது போய்ச்சேரும் இடம்) நகர்ந்ததும் மெனு மூட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். குரோமில் சரியாக மூடுகிறது. மேக்கில் சஃபாரியில் மட்டும் திறந்தபடியே நிற்கிறது. என் கோடில் தப்பா?

கோடில் தப்பில்லை தம்பி, அனுமானத்தில்தான் தப்பு. சஃபாரியில் மவுஸால் பட்டனைக் கிளிக் செய்தால் பட்டனுக்கு ஃபோகஸ் போகாது. வராத ஃபோகஸ் விலகவும் முடியாது, அதனால் உங்கள் மூடும் கோடு ஓடவே இல்லை. இது பக் அல்ல. எழுதும் பெட்டிக்குத்தான் ஃபோகஸ், பட்டனுக்கு வேண்டாம் என்பது மேக்கின் பழைய வழக்கம். கிளிக்கில் எதற்கு ஃபோகஸ் தருவது என்பதை எச்டிஎம்எல் தரநிலையும் பிரவுசரிடமே விட்டுவிட்டது. கிளிக் வந்ததும் பட்டனுக்கு நீங்களே ஃபோகஸ் கொடுங்கள். அதைவிட நல்லது, மெனுவுக்கு வெளியே அழுத்தினாலோ எஸ்கேப் அடித்தாலோ மூடும்படி எழுதுவது. அது எல்லா இடத்திலும் நிற்கும்.

சஃபாரியில் டேப் கீ லிங்குகளைத் தாண்டிப் போகிறதே?

அதுவும் மேக் வழக்கம்தான். ஆப்ஷனையும் சேர்த்து டேப் அடித்தால் லிங்குகளில் நிற்கும். எப்போதும் நிற்க வேண்டுமென்றால் சஃபாரி செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் அதற்கு ஒரு டிக் இருக்கிறது. இதைச் சரிசெய்வதாக நினைத்து லிங்குக்கெல்லாம் டேப்இன்டெக்ஸ் (டேப் நிற்கும் வரிசையை நாமே குறிப்பது) போடாதீர்கள்.

சார், லிங்கையே சிஎஸ்எஸ்ஸில் பட்டன் மாதிரி அலங்கரித்துவிடுகிறேன். சில இடத்தில் டிவ் என்ற வெறும் பெட்டிக்கே கிளிக் வைக்கிறேன். பார்க்க ஒன்றுதானே, என்ன நஷ்டம்?

மணிக்கட்டு வலியால் மவுஸ் பிடிக்க முடியாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எல்லாமே கீபோர்டில்தான். ஒருநாள் அவர் ஒரு நீண்ட விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் தட்டி, கடைசியில் ‘சமர்ப்பி’ என்ற பச்சைப் பெட்டிக்கு டேப்பில் வந்து சேர்ந்தார். சுற்றிலும் நீலக் கோடு தெரிந்தது. ஸ்பேஸ் தட்டினார். பக்கம் ஒரு முழத்துக்குக் கீழே ஓடியது. மேலே வந்து மறுபடி தட்டினார், மறுபடி ஓடியது. எழுதியதெல்லாம் போய்விட்டதோ என்று அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன்.

அந்தப் பச்சைப் பெட்டி உண்மையில் ஒரு லிங்க். பட்டன் ஸ்பேஸுக்கும் என்டருக்கும் வேலை செய்யும். லிங்க் என்டருக்கு மட்டும்தான். லிங்கில் ஸ்பேஸ் தட்டினால் பக்கம் உருளும். ‘இது பட்டன்’ என்று சொல்லும் ரோல் குறிப்பை லிங்கில் எழுதி வைத்தாலும் பிரவுசர் ஸ்பேஸைச் சேர்த்துத் தராது. டிவ் இன்னும் மோசம், டேப்பில் அங்கே போய்ச் சேரவே முடியாது.

நுணுக்கம் இன்னும் உண்டு. என்டர் அழுத்திய கணமே பட்டன் இயங்கும். ஸ்பேஸில் விரலை எடுக்கும்போதுதான். லிங்கை நடு மவுஸ் பட்டனால் புது டேபில் திறக்கலாம், முகவரியைக் காப்பி எடுக்கலாம். இத்தனையையும் டிவ்வில் கையால் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். வேறு இடத்துக்குப் போக லிங்க், ஒரு வேலை நடக்க பட்டன். உங்கள் நஷ்டத்தைவிட என் நண்பரின் அரை மணி நேரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

படிவத்துக்குள் ‘ஓடிபி மறுபடி அனுப்பு’ என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் படிவமே போய்விடுகிறது.

டைப் எழுதாமல் விட்டிருப்பீர்கள். படிவத்துக்குள் டைப் இல்லாத பட்டன் சப்மிட் ஆகிவிடும். அதன் டைப்பாக ‘பட்டன்’ என்று எழுதுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: எழுதும் பெட்டியில் என்டர் தட்டினால் வரிசையில் முதலில் வரும் சப்மிட் பட்டன்தான் இயங்கும். ஓடிபி பட்டன் மேலே இருந்தால் என்டருக்கும் அதுவே ஓடியிருக்கும்.

பணம் கட்டும் பட்டன் இரண்டு முறை அழுத்தப்படக் கூடாதென்று ஒரு கிளிக்கிலேயே டிஸேபிள் செய்கிறேன். ஃபயர்ஃபாக்ஸில் ரீலோட் செய்தாலும் மங்கலாகவே இருக்கிறது. பேக் போனால் குரோமிலும் அப்படித்தான்.

இரண்டும் வேறு வேறு காரணம். ரீலோட் செய்யும்போது ஃபயர்ஃபாக்ஸ் பட்டனின் டிஸேபிள் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். பட்டனுக்கு ஆட்டோகம்ப்ளீட் ஆஃப் போட்டால் மறந்துவிடும்.

பேக் விஷயம் வேறு. முந்தைய பக்கத்தை, ஓடிக்கொண்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் உட்பட, பிரவுசர் அப்படியே உறையவைத்துத் திரும்பத் தருகிறது. சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இது பழசு. டெஸ்க்டாப் குரோமுக்கு 2021-ல்தான் வந்தது. லோட் நிகழ்வு மறுபடி நடக்காது, பக்கம் திரையில் தோன்றும்போதெல்லாம் வரும் பேஜ்ஷோ நிகழ்வு நடக்கும். அதில் பட்டனைத் திறந்துவிடுங்கள். அப்புறம், இரட்டைக் கட்டணத்தைத் தடுப்பதை பட்டனை நம்பி விடாதீர்கள். ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் சர்வர்தான் அடையாளம் கண்டு ஒன்றைத் தள்ள வேண்டும். பிறர் பணம் அது.

ஐபோனில் சில லிங்குகளை இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கிறது. பழைய 300 மில்லிசெகண்ட் தாமதமா?

இல்லை, அது வேறு. இரட்டைத் தட்டில் பெரிதாக்கும் வசதிக்காக, அடுத்த தட்டு வருகிறதா என்று போன் காத்திருந்ததே அந்தத் தாமதம். திரை அகலத்துக்கேற்ற வியூபோர்ட் (பக்கத்தின் காட்சி அகலம்) உள்ள பக்கங்களுக்கு 2014-ல் ஆண்ட்ராய்டு குரோம் 32 அதை எடுத்துவிட்டது. 2016-ல் ஐஓஎஸ் 9.3-ம் அதே வழிக்கு வந்தது. உங்களுடையது ஹோவர், அதாவது மவுஸ் மேலே வந்து நிற்பது, சார்ந்த சிக்கல். ஹோவரில் மறைந்திருந்த ஏதாவது தோன்றும்படி வைத்திருந்தால், முதல் தட்டை ஹோவராக எடுத்துக்கொண்டு, இரண்டாவதைத்தான் கிளிக்காக எடுக்கும். ஹோவர் விதிகளை ஹோவர் வசதியுள்ள கருவிகளுக்கு மட்டும் என்ற சிஎஸ்எஸ் நிபந்தனைக்குள் (மீடியா குவெரி) போடுங்கள், சரியாகிவிடும்.

படித்த லிங்குக்குப் பக்கத்தில் டிக் காட்ட சிஎஸ்எஸ்ஸில் விசிட்டட் (ஏற்கெனவே பார்த்த லிங்குக்கான விதி) எழுதினேன். நிறம் மட்டும் மாறுகிறது, டிக் வரவில்லை.

வராது, வரவும் கூடாது. நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்பதை லிங்கின் தோற்றத்தை வைத்தே வேறொரு தளம் வேவு பார்க்க முடிந்தது. 2010-ல் மொஸில்லாவின் டேவிட் பேரன் இதற்கு முன்வைத்த தீர்வைப் பிற பிரவுசர்களும் ஏற்றுக்கொண்டன. நிறத்தை மட்டும் மாற்றலாம், அதையும் ஜாவாஸ்கிரிப்ட் கேட்டால் பிரவுசர் பார்க்காத லிங்கின் நிறத்தையே சொல்லும். 2025-ல் குரோம் 136 இன்னும் இறுக்கியது: பொதுவாக, ஒரு தளத்திலிருந்து நீங்கள் கிளிக் செய்துபோன லிங்க் அந்தத் தளத்தில் மட்டுமே பார்த்ததாகத் தெரியும். டிக் வேண்டுமென்றால் வாசகர் படித்ததை உங்கள் தளத்திலேயே சேமித்துக் காட்டுங்கள்.

லிங்குக்குள் பட்டனை வைக்கலாமா?

கூடாது. எச்டிஎம்எல் விதியே அனுமதிக்கவில்லை. டேப்பில் இரண்டு முறை நிற்கும், எது இயங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. லிங்க் மட்டும் வைத்து, பட்டன் உடையை அதற்குப் போடுங்கள். போகும் இடம் ஒன்று இருந்தால் அதில் தவறில்லை.