‘ஊர்ல எங்க?’

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆலோசனை உளவியல் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. வகுப்பில் 32 பேர். பாடம், பேச்சு, சிரிப்பு எல்லாமே ஆங்கிலத்தில். நடித்துப் பழகும் ரோல் பிளேயில், ஆலோசனை தேடி வரும் கிளையன்டாக உட்கார்ந்தால் ‘ஐ ஃபீல்’ என்று ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அழுகைகூட வந்துவிடும், அந்த வாக்கியம் வராது.

சேர்ந்த முதல் வாரம் பக்கத்து இருக்கைப் பெண் ‘எந்த ஊர்?’ என்றாள். சொன்னேன். ‘ஊர்ல எங்க?’ என்றாள். காலனி என்றேன். அதன்பிறகு அவள் என்னிடம் மோசமாக எதுவும் நடந்துகொள்ளவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவதில்லை.

பண்பாட்டு வேறுபாடுகளும் ஆலோசனையும் என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் அமெரிக்கக் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஆசியர்கள் பற்றிப் படிக்கிறோம். சாதி ஒரு பத்தியில் வந்து போகிறது. போன மாதம் ஆசிரியர் என்னிடம் ‘உன் கிராமத்து அனுபவத்தை இருபது நிமிஷம் சொல்லு’ என்றார். சொன்னேன். கை தட்டினார்கள். விடுதிக்கு வந்த பிறகு எதையோ விற்றுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மற்றவர்களின் பண்பாட்டைப் புரிந்துகொள்வதை எப்படித்தான் கற்றுக்கொள்வது? வகுப்புக்குள்ளேயே ஒட்டுதல் இல்லாத நாங்கள் நாளை முன்பின் தெரியாதவர்கள் எதிரே எப்படி உட்காரப்போகிறோம்?

க.

அன்புள்ள க.,

‘ஊர்ல எங்க?’ என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்டார்கள். நம் ஆட்களில் பெரும்பாலோர் விட்டும்விட்டார்கள். அது பெரிய காரியம். ஆனால் பெயரில் தெரியாததைத் தெருவில் தேடும் பழக்கம் போகவில்லை. கேட்கிறவருக்கே பல சமயம் தான் எதைக் கேட்கிறோம் என்று தெரியாது. கேட்கப்படுகிறவருக்கு முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்ததென்றால், நானும் அதே கேள்வியை வருடக்கணக்காகக் கேட்டவள். அரசு மருத்துவமனை ஒன்றில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தேன். யார் வந்து உட்கார்ந்தாலும் ‘எந்த ஊரும்மா?’ என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். அன்பான கேள்வி என்று நம்பினேன். ஒரு பெண் நாலாவது முறை வந்தபோது சொன்னார்: ‘மொத நாள் நீங்க ஊரைக் கேட்டதும் எழுந்து போயிரலாமான்னு இருந்துச்சு மேடம்.’ எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்தவருக்கு ஊர் தெரிந்தால் வீடு தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். ஊரோடு சாதியும் தெரிந்துவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். அன்றிலிருந்து ‘பஸ்ல இடம் கெடைச்சுதா? சாப்டீங்களா?’ என்று மாற்றிக்கொண்டேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் வந்தன. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு திரைச்சீலை. நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர், முதல் கர்ப்பத்துக்குச் சோதனைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பெண், காசநோய்ப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட பெரியவர், பாலியல் தொழில் செய்பவர், திருநங்கை எல்லோரும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். பண்பாட்டு வேறுபாடு என்று நீங்கள் தாளாகப் படிப்பதைத் தமிழ்நாட்டில் மனிதர்களிடமிருந்தே படித்த இடம் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால்தான் என்பது என் எண்ணம். அந்த வரலாறு உங்கள் பாடத்தில் இருக்க வேண்டும்.

நான் படித்த ஒரு பாடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்க வேண்டிய ஒரு திருநங்கை வந்திருந்தார். மருந்தை ஒருவேளைகூட விடக்கூடாது என்பதால் கூடவே இருந்து கவனிக்க ஒருவர் வர வேண்டும், அவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி குடும்ப வரைபடம் போட்டேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள். ‘அம்மாவைக் கூட்டிட்டு வாங்க’ என்றேன். ‘அம்மா வெளியதான் நிக்கிறாங்க’ என்றார். எழுந்து போய்த் தேடினேன். என் மனதில் இருந்தது அறுபது வயதில் ஒரு கிராமத்து அம்மா. அப்படி யாரும் இல்லை. திரும்பி வந்து ‘யாரையும் காணோமே’ என்றேன். இரண்டாவது முறையும் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் டிபன் கேரியரோடு ஒரு திருநங்கை நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு முறையும் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். அவரே கேட்டார்: ‘பெத்தவளைத் தேடுறீங்களா மேடம்? சோறு போடுறவ நான்தான்.’

திருநங்கையருக்குள் மூத்தவர் இளையவரை மகளாக ஏற்றுக்கொள்வதும், அம்மா, அக்கா, நானி (பாட்டி) என்று ஒரு முழுக் குடும்பமாகவே அவர்கள் வாழ்வதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாதது தப்பில்லை. ‘அம்மா’ என்ற சொல்லுக்கு என்னிடம் இருந்த பொருள்தான் ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேனே, அதுதான் தப்பு. புதுத் தாள் எடுத்தேன். அந்த அம்மாவுக்கு எந்தக் குறி போடுவது என்று அவரிடமே கேட்டேன். ‘வட்டம்தான், இதுல என்ன சந்தேகம்?’ என்றார். இது நடந்தது 2008இல் திருநங்கையர் நல வாரியம் வருவதற்கு முன்பு. பெயருக்கும் உறவுக்கும் அரசுத் தாளில் இடமே இல்லாத காலம்.

நம் வீட்டு வரைபடமே அந்தச் சதுர வட்டத்துக்குள் அடங்காது, கவனித்தீர்களா? ‘மாமா’ என்று ஒரு பெண் சொன்னால் அது தாய்மாமனாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், கணவராக இருக்கலாம். தாய்மாமனையே கட்டிக்கொண்டிருந்தால் மூன்றில் இரண்டு ஒருவரே. வேறு மாநிலத்திலிருந்து வந்து என்னிடம் களப்பயிற்சி செய்த ஒரு மாணவி அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு அதிர்ந்து சிவப்பு மையில் வட்டமிட்டாள். சொந்தத்தில் மணம் செய்வதன் மருத்துவச் சிக்கலைப் பேச வேண்டிய இடம் உண்டு. தலைவலி என்று வந்த பெண்ணிடம் முதல் நாளே பேசுவதற்கான விஷயம் இல்லை அது.

இனி ‘ஐ ஃபீல்’. அந்த வாக்கியம் வராதது உங்கள் குறை இல்லை, க. ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய், உணர்வு அவர் செய்யும் வேலை. தமிழில் உணர்வு நம்மிடம் வருகிறது. எனக்குக் கோபம் வருகிறது. பயம் பிடிக்கிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது. வெறுப்பு தட்டுகிறது. என்னிடம் வந்தவர்கள் ஒருவர்கூட ‘நான் சோகமாக உணர்கிறேன்’ என்று சொன்னதில்லை. ‘நெஞ்சு அடைக்குது’, ‘மனசு பாரமா இருக்கு’, ‘கையும் ஓடல காலும் ஓடல’, ‘என்னவோ மாதிரி வருது’ என்பார்கள். ‘என்னவோ மாதிரி’ என்று ஒருவர் சொல்லும்போது அவசரப்பட்டு அதற்கு ஒரு பெயர் வைக்காதீர்கள். ‘எப்ப வருது? வந்தா எவ்வளவு நேரம் இருக்கு?’ என்று கேட்டால் அவரே சொல்லிக்கொண்டு போவார். வந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்பது மாதிரிதான். இந்தக் காது உங்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. உங்கள் வகுப்பில் பலர் உழைத்துத்தான் அதைப் பெற வேண்டும்.

உங்கள் தாளின் வேர்களில் ஒன்று 1992இல் அமெரிக்காவில் டெரால்ட் விங் சூ, பட்ரீசியா அரெடாண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை. அவர்கள் ஆலோசகருக்கு மூன்று தேவை என்றார்கள்: தன் சொந்தச் சாய்வுகளை அறிவது, எதிரே இருப்பவரின் உலகை அறிவது, அதற்கேற்ற முறைகளை அறிவது. முதலில் வைத்தது தன்னை அறிவதை. நம் கல்லூரிகளில் இரண்டாவதைத்தான் நடத்துகிறார்கள், ஏனென்றால் அதில்தான் ஐந்து மதிப்பெண் கேள்வி எடுக்கலாம். ஆறு வருடம் கழித்து மெலனி டெர்வலன், ஜேன் மரே கார்சியா என்ற இரு மருத்துவர்கள், இன்னொருவரின் பண்பாட்டில் யாரும் ‘தேர்ச்சி’ பெற்றுவிட முடியாது, கடைசிவரை பணிவோடு கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். எனக்கு இவர்கள் சொல்வதுதான் நெருக்கம்.

அந்தப் பணிவு எப்படி இருக்கும் என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒருபால் உறவு பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளர் முன் தானே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், பாலின ஈர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல முடிந்தால், முதலாண்டு மாணவர்கள் 32 பேருக்கும் முடியும். ஆசிரியருக்கும் முடியும்.

அந்த இருபது நிமிஷத்துக்கு வருகிறேன். படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஆனால் மற்ற 31 பேருக்கும் பண்பாடே இல்லாத மாதிரியும், உங்களிடம் மட்டும்தான் இருக்கிற மாதிரியும் அது ஆக்கிவிட்டது. அண்ணா நகரில் தனி அறையில் வளர்ந்ததும் ஒரு பண்பாடுதான். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த வீட்டில் வளர்ந்ததும் பண்பாடுதான். அதை யாரும் இருபது நிமிஷம் பேசவில்லை. அடுத்த முறை உங்களைக் கேட்டால் மறுக்கலாம். ‘எல்லோரும் பேசினால் நானும் பேசுகிறேன் சார்’ என்று சொன்னால் போதும்.

சரி, ஒட்டுதல் எப்படி வரும்? ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்து, ஆளுக்கொரு உடை உடுத்திக் கொண்டாடும் பண்பாட்டு நாளால் வராது. எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். மாவட்டத்தில் இருந்த நம்பிக்கை மைய ஆலோசகர்கள் மாதம் ஒருமுறை ஆய்வுக் கூட்டத்துக்குப் போவோம். கூட்டத்தில் எண்ணிக்கை மட்டும்தான் கேட்பார்கள். முடிந்த பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மரத்தடியில் உட்காருவோம். ஒரு கன்னியாஸ்திரி, தொற்றோடு வாழ்ந்துகொண்டே ஆலோசகரான ஒரு தம்பி, சமூகப்பணி படித்த இரண்டு பேர், நான். பேசிவைக்காமலே ஒரு வழக்கம் வந்தது: ஒவ்வொருவரும் அந்த மாதம் தான் சொதப்பிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர், ஊர் எதுவும் வெளியே வராது. டிபன் கேரியர் அம்மாவைப் பற்றி நான் அங்கேதான் முதலில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பி மட்டும் ‘என்னையும் ரெண்டு பேர் அப்படித் தாண்டிப் போயிருக்காங்க அக்கா’ என்றான். அன்றைக்குத்தான் நாங்கள் ஐந்து பேரும் சகாக்கள் ஆனோம்.

ஆலோசனையை ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றும் சொல்கிறோம். ஆற்றுப்படைப் பாட்டில் வழி சொல்பவர் மேலே உட்கார்ந்திருக்கும் பெரியவர் இல்லை. அதே வழியில் பசியோடு நடந்து போய்த் திரும்பி வரும் இன்னொரு பாணர். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே மூன்று பேரோடு தொடங்குங்கள். ஒருவர் கிளையன்ட், ஒருவர் ஆலோசகர், ஒருவர் பார்வையாளர், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழிலேயே செய்யுங்கள். ஆங்கிலத்தில் மட்டுமே பழகிய ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தடுமாறட்டும், நீங்கள் பொறுமையாக இருங்கள். முடிந்ததும் சொதப்பியதைச் சொல்லும் சுற்று. அப்புறம் சாப்பாடு, ஒரே இடத்தில்.

‘ஊர்ல எங்க?’ என்று கேட்ட பெண்ணைக் கூப்பிடுவதா என்பது உங்கள் முடிவு. கூப்பிடவில்லை என்றால் அது சரியான முடிவுதான். அவளைத் திருத்தும் வேலையை யாரும் உங்களிடம் ஒப்படைக்கவில்லை. அவளாக வந்தால், இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டலாம். நானும் அதே கேள்வியைக் கேட்டவள் என்று தெரிந்தால் அவளுக்கு வாய் திறக்கச் சுலபமாக இருக்கும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சென்னையில் இருப்பேன். கிளையன்டாக உட்கார ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள், வருகிறேன். எனக்கும் இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் என்னவோ மாதிரி வருகிறது. அதை வைத்துக்கொண்டே உட்காருகிறேன்.