அம்மாவின் ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிட்டு மாதவிடாயைத் தள்ளிப்போடலாமா?

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருப்பதாகவும், நாள் கணக்குப் பார்த்தால் அன்றைக்கே மாதவிடாய் வரும்போல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் நின்றுபோன அம்மாவுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையிலும் தோழி சொன்ன மாத்திரையிலும் நோரெதிஸ்டிரோன் என்ற ஒரே பெயர் இருக்கிறதே, அம்மாவுடையதையே சாப்பிட்டால் என்ன என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம், தங்கச்சி. மருந்து ஒன்றுதான், ஆனால் அளவும் வேலையும் வேறு.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். லயத்து வீடுகளில் உப்பு, கறிவேப்பிலை, தலைவலித் தைலம் எல்லாம் கை மாறும். அப்படித்தான் நாள் தள்ளிப்போடும் மாத்திரையும் கை மாறியது. திருவிழாவோ கல்யாணமோ வந்தால், ஒரு வீட்டு அட்டை நாலு வீடு சுற்றிவரும். நானும் என் அட்டையில் மிச்சம் இருந்ததை அண்ணிக்குக் கொடுத்தேன். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் பல மணி நேரம் உட்கார்ந்து பத்துமலைக்குப் போய்வந்தார். திரும்பிய மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்துவிட்டது. ஆழ்நாளத்தில் இரத்தக் கட்டி. இரண்டாவது பிள்ளை பிறந்தபோதும் அவருக்கு அதே காலில் கட்டி வந்திருந்ததை மருத்துவர் கேட்ட பிறகுதான் சொன்னார். மாத்திரையால் மட்டுமே வந்தது என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை கட்டி வந்தவருக்கு அதைக் கொடுத்திருக்கவே கூடாது என்றார். அண்ணி பிழைத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். நம் சூலகம் மாதாமாதம் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குறையும்போது கருப்பையின் உள்வரி பிடிப்பை இழந்து உதிர்கிறது, அதுதான் மாதவிடாய். நோரெதிஸ்டிரோன் புரொஜெஸ்டிரோனைப் போலவே வேலை செய்யும் செயற்கை ஹார்மோன். அதைச் சாப்பிடும்வரை உள்வரி உதிராமல் நிற்கும், நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இரத்தப்போக்கு வந்துவிடும்.

நாள் தள்ளிப்போட மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று, அதாவது 15 மில்லிகிராம். இதே மருந்து தனியாகக் கருத்தடைக்குப் பயன்படும்போது நாளைக்கு 0.35 மில்லிகிராம்தான். நாற்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம் பாருங்கள். பெரிய அளவில் எடுக்கும்போது அதில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் எத்தினில் எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக, அதாவது இன்னொரு வகைப் பெண் ஹார்மோனாக மாறுகிறது. இரத்தம் கட்டும் அபாயம் கூடுவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று: நாள் தள்ளிப்போட இதைச் சாப்பிடுகிற பெண், கருத்தடையும் ஆகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

அம்மாவின் மாத்திரை வேறு கதை. உடம்பு கொதிப்பதற்கும் இரவில் வியர்த்து நனைவதற்கும் மருந்து அதிலிருக்கும் ஈஸ்ட்ரோஜன். ஆனால் கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் உள்வரி தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் புற்றுநோயாகவும் மாறலாம். அதைத் தடுக்கும் காவலாகத்தான் அரையோ ஒன்றோ மில்லிகிராம் நோரெதிஸ்டிரோனைச் சேர்க்கிறார்கள். அது உங்கள் மாதவிடாயைத் தள்ளிப்போடப் போதாது. நீங்கள் எடுத்துவிட்டால் அம்மாவுக்கும் மருந்து குறைந்துபோகும்.

இந்த மருந்து பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், தைப்பூசம் என்று நீங்கள் எழுதியதும் நினைவுக்கு வந்தது. இயற்கைப் புரொஜெஸ்டிரோனை வாய்வழி கொடுத்தால் அந்தக் காலத்தில் சரியாகப் பலிக்கவில்லை. 1951 அக்டோபர் 15 அன்று மெக்சிகோ நகரத்தில் சின்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனத்து ஆய்வகத்தில், வேதியியலாளர் கார்ல் ஜெராசியின் குழுவில் இருந்த 26 வயது மாணவர் லூயிஸ் மிராமோன்டெஸ் நோரெதிஸ்டிரோனை உருவாக்கி முடித்தார். மூலப்பொருள் வந்தது மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து. மரவள்ளி அல்ல, கொடியாய்ப் படரும் வள்ளி. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்ததால்தான் நம் வள்ளியம்மைக்கு அந்தப் பெயர் என்பார்கள். அதற்காகக் கிழங்கை அவித்துத் தின்றால் பலன் கிடைக்காது. ஆய்வகத்தில் பல படிகள் மாற்றிய பிறகுதான் அது ஹார்மோன் ஆகிறது.

கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை இவை: உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கோ இரத்தக் கட்டி வந்ததுண்டா, மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு. வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, விரதம், நேர்த்தி என்று பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை உங்களுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னால் பால்குடத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக முருகன் கோபித்துக்கொள்வான் என்று நான் நம்பவில்லை. ஆகும் என்றால், மாதவிடாய் வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். ஆகவே இந்த வாரமே போய்ப் பாருங்கள், அம்மாவின் அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.