சுவரில் உப்புப் பூக்கிறது, பின்னால் கூடமும் வேண்டும்

கேள்வி: மலேசியாவின் பேராக்கில் ஒரு தோட்டப்புற நகரத்தில், பழைய தோட்ட மருத்துவமனைக் கட்டடத்தில் சிறிய அருங்காட்சியகம் நடத்துகிறோம். தொழிலாளர் வருகையைப் பதிந்த செக்ரோல் புத்தகங்கள், ரப்பர் பால் வாளி, அதைத் தோளில் சுமக்கும் காண்டா, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, பழைய படங்கள் எல்லாம் இருக்கின்றன. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உப்புப் பூக்கிறது. பின்பக்கம் 20க்கு 30 அடியில் ஒரு கூடமும் கட்ட நினைக்கிறோம். சிமெண்டு பூசி நாலடிக்கு டைல் ஒட்டி, புதிய கூரையைப் பழைய கூரையோடு இணைத்துவிடலாம் என்கிறார் கட்டுமானக் குத்தகையாளர். மூன்று வாரத்தில் பெர்மிட் எடுத்துத் தருவதாக ஒரு ரன்னர், அதாவது அலுவலக வேலைகளை முடித்துத் தரும் இடைத்தரகர், சொல்கிறார். நம்பலாமா?

பதில்: இருவருக்கும் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

சுவரிலிருந்து தொடங்குவோம். பழைய செங்கல் பஞ்சுபோல மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். யாரோ இடையில் சிமெண்டு பூசியிருப்பார்கள். வழி அடைபட்டதும் ஈரம் மேலே ஏறுகிறது. காயும் இடத்தில் உப்பு படிகமாகிப் பூச்சை உந்தித் தள்ளுகிறது. இதன் மேல் டைல் ஒட்டினால் மூன்றடியில் நிற்கும் ஈரம் ஐந்தடிக்கு ஏறி, படம் மாட்டியிருக்கும் இடத்தைத் தொடும்.

முதல் வேலை சுவரில் இல்லை, வெளியே இருக்கிறது. பல வருடங்களாக மண்ணும் சிமெண்டுத் தளமும் கொட்டிக் கொட்டிச் சுவரோரம் உயர்ந்திருக்கும். உள்தரையை விட வெளித்தரை குறைந்தது 150 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி வெட்டி இறக்குங்கள். கால்வாயைத் தூர்வாருங்கள், கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் பாருங்கள். இதைச் செய்யாமல் உள்ளே எதைப் பூசினாலும் வீண்.

அடுத்து, ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை சிமெண்டுப் பூச்சைக் கையுளியால் கொத்தி எடுக்க வேண்டும். மின்சார உடைப்பான் வேண்டாம், செங்கல் விண்டுவிடும். பிறகு காய விடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். மேலே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து வாரிக் கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பிறகு நீற்றிப் பல மாதம் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடாது. 10 மில்லிமீட்டர் கனத்தில் மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது. ஈரக் கோணியைத் தொங்கவிட்டு மெல்லக் காய விடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டுமே அடிக்கலாம். பிளாஸ்டிக் சாயம் அடித்தால் இத்தனை உழைப்பும் பாழ்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டடத்தின் ஒரு பகுதி பின்னாளில் சிமெண்டுச் சாந்தால் கட்டியதாக இருக்கலாம். தோட்ட மருத்துவமனைகளில் வார்டு ஒரு காலம், மருந்தறை ஒரு காலம் என்று ஒட்டிக் கட்டுவது வழக்கம். செங்கல் இணைப்பை ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. ஆணி வழுக்கி, சாம்பல் நிறக் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்டு. ஓரிடத்தில் கீறி முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு அறையிலும், மேலே ஒன்று கீழே ஒன்று, சன்னல் ஓரத்தில் ஒன்று. சன்னல் ஓரம் பின்னால் சரிசெய்ததாக இருக்கும், அது ஏமாற்றும். சிமெண்டு என்று உறுதியான சுவரில் சிமெண்டுப் பூச்சே பூசலாம். ஆனால் அதே சுவர் பழைய சுவரைத் தொடும் மூலையில் பூச்சை இழுத்துச் செல்லாமல், கோடு விட்டு நிறுத்துங்கள்.

"ஊசி போட்டு ஈரத்தை நிறுத்துகிறோம்" என்று வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்துபவர்களும் வருவார்கள். சுவரில் இரண்டு முனைக் கருவியைக் குத்தி, அது கீச்சிடுவதைக் காட்டுவார்கள். அந்தக் கருவி உப்புக்கும் கீச்சிடும். உங்கள் சுவரில் உப்பு இருக்கும்வரை அவர் காட்டுவது என்றைக்கும் ஈரமாகத்தான் இருக்கும்.

இனி கூடம். பழைய சுவரில் ஒட்டாதீர்கள். பழைய அடித்தளம் ஆழமில்லாதது. பக்கத்தில் புதிய குழி அதைவிட ஆழமாகத் தோண்டினால் சுவர் சரியும். கூடத்தை ஆறேழு அடி தள்ளி வைத்து, இடையில் பழைய கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே நிற்கும் தாழ்ந்த கூரையோடு ஒரு சிறிய நடைவழி கட்டுங்கள். பழைய கூரை தன் தண்ணீரைத் தானே கொட்டட்டும். இரண்டு கூரைகளுக்கு நடுவில் வைக்கும் பெட்டிக் கால்வாய்தான் இத்தகைய கட்டடங்களின் சாபம். ரப்பர் இலை கொட்டும் பருவத்தில் அடைத்துக்கொள்ளும், மழை வந்ததும் உள்பக்கமாக வழியும். நடைவழி பழைய சுவரைத் தொடும் இடத்தில் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் பொருத்திய தகட்டால் மூடுங்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் அமுங்கும். வாசலுக்குப் புதிதாகச் சுவரை உடைக்க வேண்டாம், இருக்கும் சன்னலின் கீழ்ப்பகுதியை மட்டும் இறக்குங்கள்.

ரன்னருக்கு வருவோம். அவர் சொல்வது அநேகமாக 'பெர்மிட் கெச்சில்', சிறு வேலைக்கான அனுமதி. வீட்டுச் சமையலறையை நீட்டிக்கக் கேட்பது அது. பொதுமக்கள் வந்துபோகும் கூடத்துக்கு அல்ல. இல்லையென்றால், கட்டடக் கலைஞர் ஒருவரின் முத்திரையைக் கடன் வாங்கிக் குத்துவார். பிளானில் பெயர் உள்ளவர் உங்கள் கட்டடத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். வேலை முடிந்ததும் முடிவுச் சான்றிதழான சிசிசியில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். 2007 முதல் அப்படித்தான். அன்றைக்கு ரன்னரின் தொலைபேசி எடுக்காது.

நேர் வழி இது. முதலில் நில அலுவலகத்தில் கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, தேடி எடுங்கள். தோட்ட நிலம் பெரும்பாலும் 'பெர்த்தானியான்' (விவசாயம்) என்றே இருக்கும்; நிபந்தனை மாற்றாமல் எதுவும் நகராது. நிலம் இன்னும் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தால், எழுத்துப்பூர்வ நிலக் குத்தகை இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். தோட்டம் கைமாறினால் கூடமும் கைமாறும். பிறகு நகர, கிராமத் திட்டமிடலுக்கான 172ஆம் சட்டத்தின் கீழ்த் திட்ட அனுமதி, சாலை, வடிகால், கட்டடத்துக்கான 133ஆம் சட்டத்தின் 70ஆம் பிரிவின் கீழ்க் கட்டட பிளான். பிளானை லெம்பாகா ஆர்கிடெக் மலேசியா என்னும் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவுள்ளவர் தர வேண்டும். பெயரைப் பதிவேட்டில் நீங்களே சரிபாருங்கள். ஒரு கவுண்டர் மற்றதன் கடிதத்தைக் கேட்கும், மற்றது இதன் கடிதத்தைக் கேட்கும். ரன்னர்கள் பிழைப்பதே இந்தச் சுற்றலில்தான். வாங்கிய ஒவ்வொரு தாளுக்கும் ஏற்பு முத்திரையோடு நகல் வைத்திருங்கள்.

கொத்துவதற்கு முன் பொருள்களை வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள். செக்ரோல் புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூசணம் பிடிக்கும். பருத்தித் துணி சுற்றி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுக்குங்கள். பகலில் ஏர்கோன் போட்டு இரவில் அணைப்பது, போடாமலே இருப்பதைவிடக் கேடு.

குத்தகையாளருக்குக் கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். கடைசி ஐந்து சதவிகிதத்தை ஒரு வருடம் பிடித்து வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுதும் நடைவழி ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுக்கலாம்.