மதம், சாதி, டல்லாஸ்: வங்கிப் படிவத்தில் எதை எழுதுவது?

கேள்வி: சேமிப்புக் கணக்கின் கே.ஒய்.சி.யை (வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்களை) புதுப்பிக்க வங்கியில் இரண்டு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பான், ஆதார் எண்களோடு மதம், சாதிப் பிரிவு, ஆண்டு வருமானம், ‘வெளிநாட்டில் வரி செலுத்துபவரா’ என்றெல்லாம் கட்டங்கள். ஒன்று காலியாக இருந்தாலும் கணக்கு முடங்கிவிடும் என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். மகன் அமெரிக்காவில் டல்லாஸில் வேலை பார்க்கிறான். அதற்கு ‘ஆம்’ போட வேண்டுமா?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

ஓய்வுபெற்ற வங்கி மேலாளரின் பதில்:

அம்மா, முதலில் டல்லாஸை முடித்துவிடுவோம். அந்தக் கேள்வி உங்களைப் பற்றியது, மகனைப் பற்றியது அல்ல. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உங்களுக்கு இல்லை, வேறு நாட்டில் வரி கட்டுபவரும் இல்லை என்றால் ‘இல்லை’ என்பதே பதில். 2015-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அங்கே வரி கட்ட வேண்டியவர்களின் கணக்கு விவரம் இங்கிருந்து போகிறது. பாசத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்தால் அமெரிக்க வரி எண்ணைக் கேட்பார்கள். பிறகு அலைச்சல்தான்.

பான் எண்ணைத் தயங்காமல் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் வைப்புத்தொகை வட்டியில் வரியை 20 சதவீதமாகப் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் உறுதிமொழியும் செல்லாது. வருமானம், தொழில் இரண்டும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்காகக் கேட்பவை, நிரப்பிவிடுங்கள்.

மதத்துக்கும் சாதிக்கும் நேராக ஒரு கோடு போடுங்கள், போதும். கடன் கணக்குகளில் சிறுபான்மையினர், பட்டியல் இனத்தவர் எத்தனை பேர் என்று வங்கிகள் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்குக்கு அது எதற்கு? அவசியமில்லாத கூடுதல் விவரத்தை வாடிக்கையாளரின் சம்மதத்தோடுதான் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. அரசு மானியம் அந்தக் கணக்கில் வந்தால் மட்டும் ஆதார் தேவைப்படும். மற்றபடி வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ போதும். ஆதார்தான் கொடுப்பீர்கள் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை இணையத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். எந்த ஜெராக்ஸாக இருந்தாலும் குறுக்கே இரண்டு சாய்கோடு இழுத்து, நடுவில் ‘இன்ன கிளையில் கே.ஒய்.சி.க்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். கையெழுத்து பாதி படத்தின் மேலும் பாதி வெளியிலும் விழட்டும். வெறும் ஜெராக்ஸை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை பதறும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைக் கவுன்ட்டரில் சொல்லியிருக்க மாட்டார்கள். முகவரி உட்பட எதுவும் மாறவில்லை என்றால் ‘மாற்றமில்லை’ என்று நீங்களே எழுதித் தரும் உறுதிமொழியே போதும். பதிவு செய்த மின்னஞ்சலிலும் அனுப்பலாம். மறுத்தால், மேலாளருக்குப் புகார் எழுதி நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, உதவி எண் 14448.