மகளின் காரைக்குடியும் அப்பாவின் கிண்டியும்

கேள்வி: அருப்புக்கோட்டையில் ஆறு விசைத்தறி வைத்துப் பிழைக்கிறேன். 1996இல் எனக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலுக்குக் கட்ட அப்பாவிடம் பணம் இல்லை. பிளஸ் டூவோடு தறிக்கு வந்துவிட்டேன். அன்றைக்குச் சேர்ந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும். இப்போது என் மகளுக்குக் கலந்தாய்வில் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுக் கல்லூரியில் இ.சி.இ. கிடைத்திருக்கிறது. சென்னையில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 20 லட்சம் ஆகும். வீட்டை அடமானம் வைத்தால் 15 லட்சம் புரட்டலாம். பெரிய காலேஜில் படித்தவர்கள்தானே பிற்காலத்தில் சந்தோஷமாக இருக்கிறார்கள்? வைக்கலாமா?
– பெயர் வெளியிட வேண்டாம், அருப்புக்கோட்டை

பதில்: வீட்டை வைக்காதீர்கள். கடைசி வரிவரை இழுத்து உங்களைக் காக்க வைக்க மனமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதையும் பேசுவோம்.

முதலில் கணக்கு. 15 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய். கல்விக் கடன் என்றால் படிப்பு முடியும்வரை தவணைக்குப் பொறுப்பார்கள். அடமானக் கடனுக்கு அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வருடம் மூன்றரை லட்சம்தான் பரவலாகத் தருகிறார்கள். பி.எஃப். பிடித்தம் போகக் கையில் 25,000 சொச்சம். அதில் 20,000 தவணைக்குப் போனால் சென்னையில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்ன செய்வாள்? தறியை நம்பி நீங்களே கட்டுவதாக இருந்தால், நூல் விலை ஏறும் மாதத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்றால் மகளுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இந்தச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போனால் அது கிடையாது.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். இதைச் சும்மா வாயால் அளக்காமல் ஆட்களைப் பிடித்து வைத்து அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1938இல் தொடங்கி, ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 268 பேரைத் தேர்ந்தெடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான கென்னடியும் அதில் ஒருவர். தனியாக, பாஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 பையன்களையும் அதேபோல் பின்தொடர்ந்தார்கள். பல வீடுகளில் வெந்நீர்க் குழாய்கூடக் கிடையாது. அந்தப் பையன்களில் பெரும்பாலோர் ஹார்வர்டு ஆட்களைவிடப் பத்து வருடம் முந்தியே உடல் தளர்ந்துபோனார்கள். ஆனால் அவர்களிலேயே எப்படியோ ஒரு கல்லூரியில் சேர்ந்து பட்டத்தை முடித்தவர்கள் மட்டும், எழுபது வயதில் ஹார்வர்டுக்காரர்களுக்கு இணையான ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். அவர்கள் படித்ததெல்லாம் ஹார்வர்டு அளவுக்குப் பெயர்பெற்ற கல்லூரிகள் அல்ல. முதுமையில் யார் நிறைவாக இருந்தார்கள் என்று பார்த்தபோது, இரண்டு கூட்டத்திலும் ஒரே பதில்தான் வந்தது: வீட்டிலும் நட்பிலும் நெருக்கமான மனிதர்கள் இருந்தவர்கள்.

2014இல் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பட்டதாரிகளிடம் கேட்டார்கள். அரசுக் கல்லூரியா தனியாரா, இடம் கிடைப்பது கடினமான கல்லூரியா சுலபமானதா என்பதெல்லாம், பிற்கால வேலையில் இருக்கும் ஈடுபாட்டிலோ நல்வாழ்விலோ பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. வித்தியாசம் காட்டியது வேறு. என்மேல் அக்கறை காட்டிய ஒரு பேராசிரியர், படிப்பில் ஆசையைக் கிளப்பிய ஒருவர், என் கனவைத் தொடரச் சொல்லி ஊக்கம் தந்த ஒருவர் என்று மூன்றும் வாய்த்தவர்களுக்கு, வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அப்படி மூன்றும் வாய்த்தது 14 சதவீதம் பேருக்குத்தான். கடனையும் கேட்டிருக்கிறார்கள். எல்லா வகையிலும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் நிலையில், கடன் வாங்காமல் படித்தவர்களில் 14 சதவீதம் பேர் இருந்தார்கள். 20,000 முதல் 40,000 டாலர்வரை கடன் இருந்தவர்களில் 4 சதவீதம்தான். கடன் வாங்காதவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று நீங்கள் வாதாடலாம். ஓரளவு உண்மைதான்.

நான் படித்தது ஒரு சின்ன ஊர்க் கல்லூரி. லேபில் மின் அலைகளைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ. கருவி மூன்று, அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். எங்கள் சார் சாயங்காலம் ஆறு மணிவரை லேபைத் திறந்து வைத்திருப்பார். கடைசி வருடத்தில் ஒருநாள் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே, பேப்பரில் வந்த கேட் தேர்வு (எம்.டெக். நுழைவுத் தேர்வு) அறிவிப்பைக் கத்தரித்து வைத்திருந்தார். “கடைசித் தேதி வெள்ளிக்கிழமைம்மா” என்றார், அவ்வளவுதான். என் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு அப்படிக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்லூரியின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த சாரைத் தெரியாதவர்கள் எங்கள் செட்டில் கிடையாது.

இப்போது உங்கள் பக்க நியாயம். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், அமெரிக்காவில் பெரிய கல்லூரிகளுக்கு முயன்றவர்களில் சமமான மதிப்பெண்காரர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய அதே சம்பளம்தான் வாங்கினார்கள். ஆனால் விதிவிலக்கு இருந்தது. பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே கைகொடுத்தது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பது வீட்டிலேயே தெரியும். உங்கள் மகளுக்கு அந்தத் தொடர்புகளைக் கல்லூரிதான் தர வேண்டும். ஆகவே உங்கள் ஆசை வெறும் ஜம்பம் இல்லை. கிண்டியிலோ திருச்சி என்.ஐ.டி.யிலோ மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்து, நீங்கள் பணத்துக்குத் தயங்கியிருந்தால், கடன் வாங்கியாவது அனுப்புங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். இருபது லட்சம் கொடுத்து வாங்கும் சீட் அந்தக் கணக்கில் வராது. காரைக்குடிக் கல்லூரி 1952இலிருந்து இருக்கிறது. இத்தனை வருடத்துப் பழைய மாணவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். பெரிய பெயர் வேண்டும் என்றால் அதற்கும் இன்னொரு வாசல் உண்டு. மூன்றாம் வருடத்திலேயே கேட் எழுதலாம். நல்ல மதிப்பெண் வந்தால் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு.

அப்புறம், 1996. இதைப் பற்றிப் பேசாமல் விட்டால் உங்களுக்குப் பதில் சொன்னதாகாது. நீங்கள் போகாத கிண்டியில் அரியர் கிடையாது, ஆட்குறைப்பு கிடையாது, தறிச் சத்தத்தில் காது மந்தமாவது கிடையாது. என்னோடு பள்ளியில் படித்தவன், மாவட்டத்திலேயே முதல் மார்க், பெரும்பெயர் பெற்ற ஒரு கல்லூரிக்குப் போனான். அங்கே போனால் எல்லோரும் ஒவ்வொரு மாவட்டத்தில் முதல் மார்க். முதல் செமஸ்டர் முடிந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலில் தன் நம்பரைக் கீழேயிருந்து தேடியதாகச் சொல்வான். அந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை. இன்று நல்ல வேலை, நல்ல சம்பளம், விவாகரத்து வழக்கு ஒன்று, சர்க்கரை. கல்யாண மண்டபத்தில் யாரையாவது பார்த்தால், வேலையைச் சொல்வதற்கு முன்னால் காலேஜ் பெயரைச் சொல்கிறான். பாவமாக இருக்கும். அவன் கெட்டுப்போனான் என்று சொல்லவில்லை. எல்லோரையும்போல இருக்கிறான்.

உங்கள் அப்பாவால் கட்ட முடியாதது ஹாஸ்டல் பணம். அந்த வருத்தம் நியாயமானது, அது உங்களுடையது. அதை அவள் பேரில் 15 லட்சம் கடனாக எழுதாதீர்கள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் என்ன சொல்கிறாள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இ.சி.இ. அவள் விரும்பிப் போட்ட சாய்ஸா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போட வைத்ததா? முதலில் அதைக் கேளுங்கள். பிறகு சேரும் தேதிக்கு முன்னால், வேலை நாளாகப் பார்த்து, மதுரையில் பஸ் மாறி இரண்டு பேருமாகக் காரைக்குடிக்குப் போய்வாருங்கள். ஆபீசில் விசாரிப்பதோடு திரும்பிவிடாமல், இ.சி.இ. மூன்றாம் வருடப் பெண்கள் யாராவது கேன்டீன் பக்கம் நின்றால், பாடம் புரியவில்லை என்றால் எந்த சாரிடம் போவீர்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று டீ குடியுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.