பருத்தியில் நோவலூரான் அடித்து இரண்டு நாள் ஆகியும் புழு சாகவில்லை, மருந்து போலியா?

போலி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அந்த மருந்தின் குணமே அப்படித்தான். இன்னும் மூன்று நாள் பொறுங்கள், அதுவரை வேறு எதையும் மேலே அடித்துவிடாதீர்கள்.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம் மானாவாரிப் பருத்தி. முதல்முறை நான் இதை அடித்தபோது, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் புரோட்டீனியா என்ற இலை தின்னும் புழு தெம்பாக இலையை மேய்ந்துகொண்டிருந்தது. மனசு கேட்காமல் மூன்றாம் நாளே இன்னொரு மருந்தை வாங்கி அடித்தேன். காசும் கூலியும் போனதோடு பருத்திக் காட்டில் கெட்ட பூச்சிகளைத் தின்றுகொண்டிருந்த பொறிவண்டு, சிலந்தி எல்லாம் செத்து, அடுத்த வாரமே சாறு உறிஞ்சும் அசுவினி ஏறிவிட்டது.

நோவலூரான், அதே வகை மருந்தான லுஃபெனூரான் எல்லாம் நரம்பைத் தாக்கும் நஞ்சு கிடையாது. புழு வளர வளரத் தோலை உரிக்கும், இல்லையா? அந்தப் புதுத் தோலுக்கு உறுதி தருவது கைட்டின். அது உருவாகாமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை, அதனால் அடுத்த தோல் உரிக்கும் நேரம் வரும்வரை புழு உயிரோடுதான் இருக்கும். அடுத்த வருஷம் மருந்து அடித்த செடியிலிருந்து நாலைந்து புழுவை இலையோடு ஒரு பாட்டிலில் போட்டு வைத்துப் பார்த்தேன். நாலாம் நாள் ஒன்றுக்குப் பழைய தோல் தலைப்பக்கம் மட்டும் வெடித்துப் பாதியில் சிக்கியிருந்தது, உள்ளே புதுத் தோல் நனைந்த காகிதம் மாதிரி கிழிந்து நீர் கசிந்தது, விரல் பட்டதும் நசுங்கிவிட்டது.

அதனால் நேரம்தான் முக்கியம். இலையின் அடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் தெரியும்போதோ, குஞ்சுப் புழுக்கள் கூட்டமாகச் சுரண்டி இலை சல்லடையாகும்போதோ அடித்தால் நல்ல பலன் கிடைக்கும். விரல் நீளம் வளர்ந்த புழு அதற்குள் தின்னவேண்டியதைத் தின்று முடித்திருக்கும், அதைப் பொறுக்கி எடுப்பதே மேல். வயிற்றுக்குள் போனால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும், ஆகவே இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். லேபிளில் பருத்திக்கு ஏக்கருக்கு 400 மில்லி, அதைக் குறைத்துத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதில் லாபமில்லை.

உங்கள் காயைப் பிளந்து பாருங்கள், உள்ளே இருப்பது இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்றால் இந்த மருந்தை நம்பாதீர்கள். முட்டை பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே அது சப்பைக்குள்ளோ (பூ மொட்டு) காய்க்குள்ளோ துளைத்துப் போய்விடும், அப்புறம் மேலே என்ன தெளித்தாலும் எட்டாது. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சி வரத்தைப் பார்த்து அடிப்பதும், கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்தி மாரை (காய்ந்த செடித் தண்டை) நிற்கவிடாமல் பிடுங்குவதும்தான் வழி.

இன்னொன்று, பக்கத்துக் காட்டில் யாராவது மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தால் தயவுசெய்து இதை அடிக்காதீர்கள். பட்டுப்புழுவும் தோல் உரிக்கும் புழுதான், காற்றில் பறந்த மருந்து பட்ட இலையைத் தின்றால் அதற்கும் இதே கதிதான். மீதி மருந்தையும் டேங்க் கழுவிய தண்ணீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், நண்டுக்கும் இறாலுக்கும் ஓட்டில் இருப்பது அதே கைட்டின்.