விபத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் பழையபடி ஆக எவ்வளவு நாள் ஆகும்?

உங்கள் அண்ணனை வேலைக்குப் போகும் வழியில் லோரி மோதி மூன்று மாதம் ஆகிறது, எலும்பு கூடி வருவதாக டாக்டர் சொல்கிறார், ஆனால் வீட்டில் ஒருவர் முகமும் சரியில்லை, எப்போது மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வருடம் ஆனது. அதில் எட்டு மாதம், யாருக்கு வலிக்கிறது என்றே தெரியாமல் நான் வீணாக்கியது.

நாங்கள் மலேசியாவில், பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம். முன்பு பால்மரம், இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. 2022 ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்கு மோட்டாரில் ஆலைக்குப் போகும்போது, லோரியை முந்திக்கொண்டு எதிரே வந்த கார் இடித்துவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் 23 நாள். தொடைக்குள் கம்பி வைத்தார்கள், கீழ்க்காலில் வெளியே இரும்புக் கம்பி கட்டி முடுக்கினார்கள்.

முதலில் பணம், ஏனென்றால் பாதி சண்டை அதில்தான் வரும். உங்கள் அண்ணனும் வேலைக்குப் போகும்போது அடிபட்டவர். சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுபவராக இருந்தால், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நடந்த விபத்து வேலை விபத்தாகவே கணக்கு. விபத்து தெரிந்த 48 மணி நேரத்தில் முதலாளி தகவல் கொடுக்க வேண்டும். எம்சி (டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சராசரித் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். போலீஸ் ரிப்போர்ட், எம்சி எல்லாவற்றோடு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியை வரைந்து கொடுக்கச் சொல்வார்கள். மகனின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான் வரைந்தேன்: மாரியம்மன் கோயில், பாலம், பிறகு அந்த வளைவு. வளைவு வந்ததும் பென்சில் நகரவில்லை. மகன்தான் வாங்கி மீதியை வரைந்து முடித்தான்.

இன்னொன்று. இரண்டாம் நாளே வார்டுக்குள் ஒருவர் வந்து, "அக்கா, கேஸ் நான் பார்க்கிறேன், இங்கே ஒரு சைன்" என்று தாளை நீட்டினார். போடாதீர்கள். எதிர்வண்டிக்காரர்மேல் வழக்குப் போட தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு வருடம் அவகாசம் உண்டு. ஆள் நடக்கத் தொடங்கிய பிறகு, நீங்களே தேடிப் பிடித்த வக்கீலிடம் போகலாம்.

சரி, உடம்பு. எங்கள் வீட்டில் குந்தும் கக்கூஸ். மடங்காத காலோடு எப்படி உட்காருவார்? என் தம்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, விளிம்பைச் சூடான கரண்டியால் தேய்த்து மழுக்கிக் கொண்டுவந்தான். அன்றுதான் அவர் முதன்முதலில் அழுதார். ஆபரேஷன் வலியில்கூட அழாதவர்.

சாப்பாட்டில் எங்கள் அத்தை பத்தியம் என்று முட்டை, கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். உணவு ஆலோசகர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார், புண் ஆறவும் எலும்பு கூடவும் புரதம் வேண்டும் என்று. ஹாருவான் (விரால் மீன்) சூப்புக்கு மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள், அதனால் வாரத்துக்கு மூன்று நாள் ஹாருவான்தான். சிகரெட்டை நிறுத்தாவிட்டால் எலும்பு கூடத் தாமதமாகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கூடாத எலும்பில் எண்ணெய் போட்டு உருவ யாரையும் விடாதீர்கள். பிசியோதெரபிக்கு ஒரு நாளும் மட்டம் போடாதீர்கள். இவருக்கு முட்டி முதலில் 40 டிகிரிதான் மடங்கியது. ஒரு வருடத்தில் 110. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

ஆனால் நீங்கள் கேட்டது இதை இல்லை.

லோரி ஹாரன் கேட்டால் இவருக்குச் சட்டை நனைந்துவிடும். ராத்திரி கத்திக்கொண்டு எழுவார். பகலில் எல்லார்மேலும் எரிந்து விழுவார். ஒரு மாதத்துக்கு மேலும் இப்படியே நீடித்தால் அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். இவர் என்னிடம், "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். அங்கே பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, எங்கள் பக்கம் அந்த ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் அவர் மனதை மாற்றியது பிசியோ பார்த்த பிள்ளைதான். "அண்ணே, முட்டிக்கு நான், தூக்கத்துக்கு அவங்க, அவ்வளவுதான்" என்றாள். கவுன்சலிங்குக்கு ஆறு முறை போனார். ஹாரன் பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் தூக்கம் வந்தது.

அப்புறம் அத்தை. அவர் அழவில்லை, சமைத்தார், கோயிலுக்குப் போனார். அதனால் அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் மகன், "பாட்டி ஏன் இப்போதெல்லாம் நெத்திலி சம்பல் செய்வதில்லை?" என்று கேட்டான். அத்தை அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். விபத்து நடந்த காலையில் இவர் வாசலில் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிவிட்டாராம். "ஐந்து நிமிஷம் இருய்யா, சம்பல் வதங்கிடும், கட்டித் தரேன்" என்று நிறுத்தி வைத்தது அத்தை. அந்த ஐந்து நிமிஷத்தை எட்டு மாதமாக ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறார். மகனைக் கேட்டால் அவனிடமும் ஒன்று இருந்தது. முதல்நாள் சைக்கிள் கேட்டு அப்பாவிடம் சண்டை போட்டதால் அப்பா கோபத்தில் வேகமாக ஓட்டினார் என்று நம்பிக்கொண்டிருந்தான். ஒன்பது வயசுப் பிள்ளை.

அன்று ராத்திரி இவரைக் கூடத்தில் உட்கார வைத்து, அந்தக் காலையைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னேன். மெதுவாகத்தான் போனேன், அந்தக் கார் இந்தப் பக்கம் வந்தது, அவ்வளவுதான் என்று அத்தையைப் பார்த்தே சொன்னார். அத்தை ஒன்றும் பேசவில்லை. மகன் அப்பாவின் காலில் தழும்பு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான்.

அதனால் அண்ணனை மட்டும் கேட்காதீர்கள். அம்மாவை, அண்ணியை, பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, அந்த நாள் காலையில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேளுங்கள். வீட்டில் பேச முடியாதவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555 இருக்கிறது.

இவர் இப்போது அதே ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறார். கோயிலில் சம்மணம் போட முடியாது, தூண் ஓரம் பலகை போட்டு உட்காருவார். மழை பெய்தால் மோட்டாரை எடுக்க மாட்டார். போன வருடம் தீபாவளிக்கு முதல்நாள் அத்தை நெத்திலியைக் கழுவி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார், "நீ கிளறு, நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று. இருவரும் சேர்ந்துதான் செய்தோம்.